மேப்பிள் பட்டியும் சிப்பித் தாமரையும்

நான் செய்துகொண்டிருக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரின் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டி ஒட்டியிருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும். ஆனால் மரத்துக்கு மரமே கரையாக அமைய வேண்டும் என்று விரும்பியதால், 1.5 மி.மீ. கனமுள்ள மேப்பிள் பட்டிகளைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியை நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின் மேல் மெல்ல அழுத்தும்போது, மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகி, பட்டி வளைந்து கொடுக்கிறது. கிட்டார் உடலில் கொம்புபோல் நீண்டிருக்கும் பகுதியின் உள்வளைவில் முதல் பட்டி சட்டென்று ஒடிந்துவிட்டது, அடுத்ததை 1.2 மி.மீ. வரை இழைத்த பிறகே அது படிந்தது.

விரற்பலகை ஈட்டி மரம். உலகெங்கும் கிட்டார் செய்பவர்கள் நாடும் இம்மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது எனக்குப் பெருமை. கம்பி நீளம் 648 மி.மீ. என்பதால், வீணையில் மெட்டு எனப்படும் ஃப்ரெட்டுகளில் 12-ஆவது சரிபாதியில், அதாவது 324 மி.மீ. தொலைவில் அமைகிறது. அதற்கு முந்தைய இடைவெளியில்தான், பலகையின் குறுக்கே 40 மி.மீ. அகலத்தில், சிப்பியில் அறுத்தெடுத்த தாமரைப் பூவைப் பதித்தேன். சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், நகைப் பட்டறை இழைவாளால் அறுத்த நேரம் முழுவதும் முகக்கவசம் அணிந்திருந்தேன். இதழோரத்து மயிரிழை இடுக்குகளை ஈட்டி மரத்தூள் குழைத்த எபாக்சி பசை மறைத்தது.

பலகைக்கு 12 அங்குல ஆர வளைவு கொடுத்துத் தேய்த்தபோது, பூவின் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 0.65 மி.மீ. கரைந்தது. தடித்த சிப்பியாக வாங்கியிருந்ததால் இதழ்கள் தப்பின.