ஒரு எழுத்தை விட்டேன், சூடோ போச்சு

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் ஜுபுண்டு லினக்ஸில் சூடோவிலிருந்து, அதாவது நிர்வாகி அதிகாரத்திலிருந்து, என்னையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டேன். விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் நடந்ததால் தப்பித்தேன்.

நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியது, நிறுவியது எல்லாம் வழக்கம்போலத்தான். லேப்டாப்பில் மொத்தமே 8 ஜிபி ராம். அதில் பாதியை உள்ளே கொடுத்தாயிற்று. திரை சின்னதாகவே நின்றது. நிரல்களைக் கட்டும் கருவிகளான பில்ட்-எசென்ஷியல் போட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்களான கெஸ்ட் அடிஷன்ஸ் ஓட்டி ரீஸ்டார்ட் செய்ததும் ஜன்னலை இழுத்த அளவுக்கு விரிந்தது.

வம்பு, இரண்டு பக்கமும் பகிரும் ஷேர்டு ஃபோல்டரில்தான். விண்டோஸ் பக்கத்துப் படங்கள் ஃபோல்டரைக் கொடுத்து தானாக இணைக்கும் ஆட்டோ-மவுண்ட்டை டிக் செய்தேன். ஜுபுண்டுவில் மீடியா ஃபோல்டருக்குக் கீழே வந்து நிற்கிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. காரணம், அது ரூட் என்ற நிர்வாகி பேரிலும் விபாக்ஸ்எஸ்எஃப் என்ற பயனர் குழுவின் பேரிலும் இருக்கிறது. நாமும் அந்தக் குழுவில் சேர வேண்டும். அதற்கு யூசர்மாட் என்ற கட்டளை. அதில் பெரிய ஜி (-G) மட்டும் கொடுத்தால், 'இவருக்கு இனி இந்தக் கூடுதல் குழு மட்டும்தான்' என்று அர்த்தம். கூடவே சின்ன ஏ (-a) இருந்தால்தான் பழைய குழுக்களை விடாமல் புதியதைச் சேர்க்கும். நான் அந்த ஏ-யை விட்டுவிட்டேன். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. லாக் அவுட் செய்து உள்ளே வந்தால் ஃபோல்டர் திறக்கிறது! ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து எதையோ நிறுவப் போனால், நீ யார் என்கிறது சூடோ. சூடோ குழுவிலிருந்தும் என்னை நானே கழற்றிவிட்டிருக்கிறேன்.

ரெக்கவரி மோடில் போய்ச் சரிசெய்யலாம். பொறுமை இல்லாமல், நிறுவியதும் அப்போதைய நிலையை அப்படியே சேமித்துவைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். அது கெஸ்ட் அடிஷன்ஸுக்கு முந்தையது என்பது திரை மறுபடி சுருங்கிய பிறகுதான் உறைத்தது. சரி, திரும்பவும் முதலிலிருந்து. இந்தத் தடவை ஏ-யோடு. லாக் அவுட் செய்து வந்து குரூப்ஸ் என்று அடித்து, சூடோவும் இருக்கிறது, புதுக் குழுவும் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்னாப்ஷாட்.

ராம் பத்தவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் டிடிஆர்4 வகை ராம் கேட்டேன். டெஸ்க்டாப்புக்குப் போடும் நீளக் குச்சியை எடுத்து நீட்டினார் கடைக்காரர். லேப்டாப்புக்கு என்றால் சோடிம் என்று சொல்லிக் கேளுங்கள். ராம் வந்ததும் தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் நிரலில் தமிழ்99 விசைப்பலகை போட்டுப் பார்க்க வேண்டும்.

விண்டோஸுக்கும் ஜுபுண்டுவுக்கும் இடையே காப்பி-பேஸ்ட் இன்னும் பாக்கி. அதற்கான ஷேர்டு கிளிப்போர்டு அணைந்தே கிடப்பதைப் பார்க்காமல் ஒரு மணி நேரமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.