கால் பிழை

போன மார்கழியில் எனக்கு இடது முழங்காலை மாற்றினார்கள். மூன்றாம் நாள் வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி விறாந்தையில் நடை பழகும்போது வட்ஸப்பில் செய்தி வந்தது: கேர்ணல் மாஸ்டர் காலமானார், வயது 87. அன்று பின்னேரமே பழைய மாணவர் சங்கச் செயலாளர் எடுத்தார். "அண்ணை, இந்த வருச மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். அந்தக் கதை உங்கடைதானே."

அந்தக் கதை. எந்த ஒன்றுகூடலிலும் இரண்டாவது கிளாசுக்குப் பிறகு யாராவது ஒருவர் எடுக்கிற கதை. என்னை விட மற்றவர்கள் அதை நன்றாகச் சொல்வார்கள். சரி, ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன்.

1968. ரீகல் தியேட்டரில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' திரும்ப ஓடியது. மாஸ்டர் எங்கள் வகுப்பு முழுவதையும் மெட்னிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நம்முடைய கித்துல்கலவில், களனி கங்கைக்குக் குறுக்கே உண்மையான பாலம் கட்டி, உண்மையான ரயிலோடு உடைத்த படம். பாலம் உடைந்தபோது நாங்கள் கதிரைகளில் ஏறி நின்று விசிலடித்தோம். அடுத்த நாள் வகுப்பில் அவர் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் கேர்ணல் நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸ் நடந்ததைப் பற்றித்தான் இரண்டு பாடம்.

பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கேர்ணல் நிக்கல்சனைத் தகரக் கூட்டுக்குள் நாட்கணக்கில் வெயிலில் அடைத்து வைத்துவிட்டு வெளியே விடுவார்கள். கால் மடியும், உடம்பு ஒரு பக்கம் சாயும், தோளை மட்டும் விடமாட்டார். அப்படியே முற்றத்தைக் கடந்து ஜப்பானிய முகாம் தளபதி சைட்டோவின் இடத்துக்குப் போவார். கொஞ்ச நேரம்தான். "இது யோசிச்சு வாற நடையில்லை" என்றார் மாஸ்டர். "ஆரையோ பக்கத்திலை இருந்து பார்த்து எடுத்திருக்கிறான்."

அதோடு அவருக்குப் பட்டம் நிலைத்தது. அவரும் ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார், தோள் மட்டும் நேர். அந்தக் கால் ஏன் அப்படி என்று நாங்கள் கேட்டதில்லை. சைக்கிளால் விழுந்தவர் என்று ஒருவன் சொன்னான், நம்பினோம். அவருடைய தகப்பன் மலாயன் பென்சனியர். படத்தில் வருகிற அந்தத் தாய்லாந்து–பர்மா ரயில் பாதையில் வெள்ளைச் சிப்பாய்கள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்றால், ஆசியத் தொழிலாளிகள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள், அதில் மலாயாத் தோட்டத் தமிழர் எத்தனையோ பேர் என்று தகப்பன் சொன்னதை எங்களுக்குச் சொன்னார். "படத்திலை அவங்களிலை ஒருத்தனையும் காணேல்லை. ஆனாலும் நடை நடைதான்." அவ்வளவுதான், திரும்ப இலக்கணத்துக்குப் போய்விட்டார்.

இனி என்னுடைய பங்கு. இரண்டாம் மணி அடித்து, வேப்பமரத்தடியில் இருந்து அவர் வகுப்புக்கு வருகிறார். நான் பின்னால். அவர் இழுக்கிற மாதிரியே இழுத்து, தோளை நிமிர்த்தி, கையில் இல்லாத பிரம்பையும் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். யன்னல் முழுக்கத் தலைகள். சிரிப்பு திடீரென்று நின்றபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அடிக்கவில்லை. அடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "நடந்து காட்டு" என்றார். நின்றேன். "நட." நடந்தேன். தலையை ஆட்டினார். "பிழை. எனக்கு எந்தக் கால்?" எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாகப் பார்த்த மனிதர். "நீ வலது காலை இழுக்கிறாய். எனக்கு இடது. திரும்ப நட." கரும்பலகையில் இருந்து கதவு வரைக்கும், கதவில் இருந்து கரும்பலகைக்கு. பாதம் எங்கே முதலில் படுகிறது, இடுப்பு எப்போது ஏறுகிறது என்று தன் உடம்பையே எனக்குப் படிப்பித்தார். ஏழெட்டு முறை இருக்கும். முதலில் வகுப்பு சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை. கடைசியில், "கின்னஸ் ஒரு படத்திலை எட்டுப் பேராய் வாறான், அதிலை ஒரு ஆள் பொம்பிளை. நீ ஒரு ஆளையும் பார்க்கேல்லை. போய் இரு."

அன்று முழுக்கக் கன்ரீன் பக்கம் போகவில்லை நான்.

1976இல் லண்டன் வந்தேன். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் பழைய படங்கள் போடுவார்கள். அந்த எட்டுப் பேரையும் அப்படித்தான் பார்த்தேன், 'கைண்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொறனெட்ஸ்', 1949ஆம் ஆண்டுப் படம். பாதிரியார், கடற்படைத் தளபதி, பலூனில் பறந்துகொண்டு துண்டுப்பிரசுரம் வீசுகிற அந்தப் பெண்மணி. தேவாலயக் காட்சியில் ஆறு பேர் ஒரே பிரேமில் இருப்பார்கள். 1979இல் பிபிசியில் கின்னஸ் உளவாளி ஸ்மைலியாக வந்து கழுத்துப் பட்டியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அதற்காக முன்னாள் உளவுத்துறைத் தலைவர் ஒருவரோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து ஆளை அளந்தவர் என்று படித்தபோது மாஸ்டரின் குரல் கேட்டது. என் பேரனுக்கு இதெல்லாம் கிடையாது. அவனுக்கு அது 'ஸ்டார் வோர்ஸ்' ஓபி-வான், கையில் வெளிச்சத் தடி.

எல்லாவற்றையும் பாராட்ட என்னால் முடியவில்லை. 1985இல் 'எ பசேஜ் டு இந்தியா' பார்க்க மனைவியோடு போனேன். கின்னஸ் முகத்துக்கு நிறம் பூசி இந்தியப் பேராசிரியர் கோட்போலேயாக வந்து நின்றார். தியேட்டரில் எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர். நான் கதிரையில் சரிந்து இருந்தேன். தாய்லாந்துப் பாதையில் எங்களைக் காணவில்லை, இங்கே எங்களுக்குப் பதிலாக அவரே வந்துவிட்டார். மாஸ்டர் பக்கத்தில் இருந்திருந்தால் "கால் பிழை" என்றிருப்பார்.

2000 ஆவணியில் கின்னஸ் செத்தபோது அவரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். அதில் ஒரு இடம். அந்தக் கூட்டில் இருந்து வருகிற நடையை அவர் தன் மகன் மத்தியூவிடம் இருந்து எடுத்திருக்கிறார். பிள்ளைக்குச் சின்ன வயதில் போலியோ. எழும்பி நடக்கப் பழகியதைத் தகப்பன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஊரில் இருந்த அக்காவுக்கு எடுத்தேன். மாஸ்டருக்குக் கால் என்ன? "சைக்கிளோ? ஆர் சொன்னது? நாலு வயசிலை வந்த இளம்பிள்ளை வாதமடா."

இதை அவருக்குச் சொல்லவேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஆங்கிலத்தில் தொடங்கிய கடிதம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, நாலு வரி. ஆங்கிலத்தில் எழுதினால் திருத்திவிடுவாரோ என்று பயம், தமிழில் எழுதினால் குறை நினைப்பாரோ என்று இன்னொரு பயம்.

2012இல் பிள்ளைகளோடு இலங்கை போனோம். கித்துல்கலவுக்கு நான்தான் கேட்டுக்கொண்டு போனேன். பாலம் இல்லை, ஆற்றங்கரையில் கொங்கிறீட் அடித்தளம் மட்டும் மிச்சம். ரப்பர் படகில் பெடியள் கூக்குரலிட்டுக்கொண்டு போனார்கள். கல்லுகளுக்கு மேலால் நான் நடந்து போவதை மகன் படம் எடுத்தான். அதற்குப் பிறகும் எங்களுக்கு மூன்று நாள் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஓர் இரவு பஸ். பெறாமகளின் கலியாணத்துக்கு நகை எடுக்கச் செட்டியார் தெருவுக்குப் போய் அந்த மூன்று நாளும் முடிந்தது.

விமான நிலையத்தில் இருந்து அவருக்கு எடுத்தேன். அவரே பேசினார், குரல் அப்படியே. கித்துல்கல போனதைச் சொன்னேன். "ஓ, பார்த்தனீரோ? நல்லது. அப்ப இஞ்சாலை வர வசதிப்படேல்லைப் போல." என்னை அவர் 'நீர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதையே யோசித்துக்கொண்டு, "சேர், அந்த நடை..." என்று தொடங்கினேன். அதற்குள் எங்கள் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.