மரத்தரை பழுதுக்கு எவ்வளவு ஆகும்? விலை கேட்கும் முன் ஹீட்டர் ஜல்லடையைத் தூக்கிப் பாருங்கள்

டொராண்டோ, சிகாகோ, நியூ ஜெர்சி பக்கம் பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்கு மரத்தரை பெரும்பாலும் புது அனுபவம். சிமென்ட், மொசைக், டைல் என்று வளர்ந்த கைக்கு, மரம் கோடையில் உப்பும், குளிரில் சுருங்கும் என்பது பழகச் சில வருடமாகும். தரை மங்கிக் கீறல் விழுந்ததும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் போனிலேயே "எத்தனை சதுர அடி?" என்று கேட்கிறார். அதை வைத்து ஒரு தொகை சொல்கிறார். ஆனால் செலவை முதலில் தீர்மானிப்பது பரப்பளவு அல்ல. பலகையில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மரம் மிச்சம், அந்த மரத்துக்குள் எவ்வளவு ஈரம், இந்த இரண்டும்தான்.

முதலில் கனம். அங்கே வீடுகளில் அதிகம் இருப்பது சிவப்பு ஓக்: முக்கால் அங்குலக் கனம், இரண்டே கால் அங்குல அகலம். ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கு அடுத்த பலகையின் ஓரப் பள்ளமான காடிக்குள் உட்காரும், ஆணி நாக்கு வழியே மறைவாக இறங்கியிருக்கும். தரையைப் புதுப்பிக்க, உப்புத்தாள் பூட்டிய இயந்திரத்தால் பழைய பூச்சோடு மேல் மரத்தையும் தேய்த்து எடுப்பார்கள். அதற்கு உதவுவது நாக்குக்கு மேலே உள்ள மரம் மட்டும். புதுப் பலகையில் அது ஏறக்குறைய கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. ஒவ்வொரு முழுத் தேய்ப்பும் அதில் ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னாக எடுத்துக்கொள்ளும். தரையில் சூடான காற்று வரும் ஜல்லடை மூடியைத் தூக்கினால் பலகையின் குறுக்கு வெட்டு தெரியும். மேற்பரப்பிலிருந்து காடி வரை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜல்லடை இல்லாவிட்டால் வாசல்படியின் மூடுபட்டையைக் கழற்றிப் பார்க்கலாம். 3 மி.மீ. அளவில் இருந்தால் இன்னொரு முழுத் தேய்ப்பு ஆபத்து: காடியின் மேல் உதடு மெலிந்து சிராய் சிராயாகப் பெயரும். ஆங்காங்கே ஆணித்தலை மினுங்கினால் அந்தத் தரையின் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு பேச வேண்டியது மாற்றும் செலவைப் பற்றி.

எஞ்சினியர்டு தரையில் கணக்கு இன்னும் இறுக்கம். மேலே நல்ல மரம், கீழே ஒட்டுப்பலகை. மேல் அடுக்கு 2 மி.மீ.க்குக் கீழ் என்றால் இயந்திரத்தால் தேய்க்கவே கூடாது. வேறு சில பழைய வீடுகளில் 5/16 அல்லது 3/8 அங்குல மெல்லிய பலகையை மேலிருந்தே ஆணி அடித்திருப்பார்கள். அங்கே தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு ஆணியையும் உள்ளே தட்டி இறக்கி, குழியை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆணித்தலை உப்புத்தாளைக் கிழித்துவிடும். ஓர் அறைக்கே நூற்றுக்கணக்கான ஆணிகள் இருக்கும் என்பதால், அந்தக் கூலி தேய்ப்புக் கூலியோடு போட்டி போடும்.

அடுத்து, எந்த வேலை தேவை என்பது. மேலே உள்ள பூச்சு மட்டும் தேய்ந்திருக்கிறதா, அல்லது மரமே தெரிகிறதா? ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. ஊறி மரம் கறுத்தால் பூச்சு போய்விட்டது. பூச்சு இருந்தால் மேலோட்டமாகச் சுரண்டி ஒரு கோட் அடிக்கும் மறுபூச்சு போதும். மரம் தேயாது, ஒரே நாளில் முடியும். அமெரிக்காவில் முழுத் தேய்ப்போடு மூன்று கோட்டுக்குச் சதுர அடிக்குச் சுமார் 3 முதல் 8 டாலர் வரை கேட்கிறார்கள். மறுபூச்சுக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். அதனால் மரம் வெளியே தெரியும் வரை காத்திருக்காமல் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபூச்சு போடுவதே என் கணக்கில் மிகச் சிக்கனமான வழி.

மறுபூச்சுக்கு ஒரு எதிரி உண்டு: மெழுகு, எண்ணெய் சோப்பு, சிலிகான் கலந்த பளபளப்பு ஸ்ப்ரே. நம் வீடுகளில் குத்துவிளக்கடியில் சொட்டிய எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றின் மேல் புதுப்பூச்சு ஒட்டாது. மீன்கண் போல வட்ட வட்டமாக விலகும், அல்லது சில மாதத்தில் தோலாக உரியும். மூலையில் ஒரு சதுர அடியைச் சுரண்டி, பூச்சடித்து, நன்றாகக் காய்ந்ததும் நாணயத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உரிந்து வந்தால் முழுத் தேய்ப்பைத் தவிர வழியில்லை. இந்தச் சோதனையைச் செய்ய மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

இனி தண்ணீர். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஐஸ் தயாரிக்கப் போகும் மெல்லிய குழாய் இரண்டும் மாதக்கணக்கில் சொட்டும், யாருக்கும் தெரியாது. பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட அதிகம் ஈரமானால் ஓரங்கள் தூக்கி, நடு குழிந்து, ஓடு கவிழ்க்காமல் வைத்தது போல ஆகும். அதைப் பார்த்ததும் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் தூக்கிய ஓரங்கள் அறுபட்டுப் போகும். பிறகு மரம் காய்ந்து பழைய நிலைக்குத் திரும்பும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாக நிற்கும். மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி கூலி, மறுபடி ஒரு மில்லிமீட்டர் மரம்.

செய்ய வேண்டிய வரிசை இது. கசிவை நிறுத்துங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிடுங்கள். ஊசி வைத்த ஈரமானியால் நனைந்த இடத்தையும், அதே வீட்டில் நனையாத அறையையும் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். வீட்டுக்குள் மரத்தின் ஈரம் வழக்கமாக 6 முதல் 9 சதவீதம். இரண்டு இடத்து அளவும் நெருங்கி வந்து, அப்படியே நிலைத்தபின்தான் தேய்ப்பு. அதற்கு வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும். பல தரைகள் காய்ந்ததும் தாமாகவே படுத்துவிடும், தேய்ப்பே தேவைப்படாது. புதுப் பலகை பதிப்பதானால், 3 அங்குலத்துக்குக் குறைவான அகலத்தில் பலகைக்கும் அடித்தளத்துக்கும் ஈர வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிக்குள்ளும், அதைவிட அகலப் பலகையில் 2 சதவீதப் புள்ளிக்குள்ளும் இருக்க வேண்டும். குழாய் திடீரென்று வெடித்திருந்தால் காப்பீடு உதவக்கூடும். நாள்பட்ட கசிவை வழக்கமாக ஏற்கமாட்டார்கள். எதையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

வாளித் தண்ணீர் விட்டு மாப் போடும் பழக்கமும் இதே சேதத்தை மெதுவாகச் செய்கிறது. நன்றாகப் பிழிந்த துணி போதும். குளிர்காலத்தில் பலகைகளுக்கிடையே தெரியும் இடைவெளியை மக்கு (புட்டி) வைத்து அடைக்கக் கூடாது. கோடையில் மரம் உப்பும்போது அந்த மக்கைப் பிதுக்கித் தள்ளும். வீட்டுக் காற்றின் ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் அந்த இடைவெளி குறைந்துவிடும்.

கறுப்புக் கறை இரண்டு வகை. ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், இரும்பும் நீரும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதைப் பெரும்பாலும் எடுத்துவிடும். பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும், காய்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. நாய், பூனை மூத்திரக் கறை ஆழமாக இறங்கியிருந்தால் அதற்கு மசியாது, பலகையை மாற்றுவதே வழி.

நாலு பலகை மாற்ற இவ்வளவு கூலியா என்று தோன்றும். வேலையைப் பார்த்தால் புரியும். வட்டரம்பத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வைத்து நடுவில் இரண்டு கோடு அறுத்து, உளியால் நடுத்துண்டை எடுத்து, பக்கத்துப் பலகையின் நாக்கு உடையாமல் மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் குறைந்தது 6 அங்குலம் தள்ளித் தள்ளி அமைய வேண்டும். கடைசிப் பலகையின் காடியில் கீழ் உதட்டைச் செதுக்கி, பசை தடவி மேலிருந்து இறக்க வேண்டும். மரமும் பொருந்த வேண்டும்: சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை, சின்னத் துண்டின் ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெள்ளை ஓக்கில் வராது. மாறிப் போட்டால் சாயம் வேறு நிறமாகப் பிடிக்கும். இதற்கெல்லாம் மேல், புதுத் துண்டு தனியாகத் தெரியாமலிருக்க அந்த அறை முழுவதையும் தேய்க்க வேண்டியிருக்கும். கூடமும் சாப்பாட்டு அறையும் தடுப்பின்றி ஒரே தரையாக ஓடினால் இரண்டையும் சேர்த்து.

விலைப்பட்டியலில் தேய்ப்பின் படிகளை எழுத்தில் கேளுங்கள். 40, 60, 80, 100 என்று உப்புத்தாள் எண் ஏற வேண்டும். 40-லிருந்து நேராக 100-க்குத் தாவினால் ஆழக் கீறல் அடியில் தங்கும், சாயம் ஏறியபின் ஜன்னல் வெளிச்சத்தில்தான் கண்ணில் படும். மலிவான விலைகளில் பல இந்தத் தாவலில்தான் மலிவாகின்றன. படிக்கட்டு, அலமாரி உட்புறம், சுவரோரப் பட்டை கழற்றி மாட்டுவது, சாமான் நகர்த்துவது ஆகியவை சேர்ந்ததா தனியா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பூச்சுக் கணக்கு எளிது. ஒரு கேலன் ஒரு கோட்டுக்கு 500 சதுர அடி வரை வரும். 400 சதுர அடிக்கு மூன்று கோட் என்றால் 2.4 கேலன், மூன்று வாங்க வேண்டும். தரைக்கு அடிக்கும் பாலியூரிதேன் பூச்சில் எண்ணெய், நீர் என்று இரண்டு வகை. எண்ணெய்ப் பாலியூரிதேன் விலை குறைவு, ஆனால் நாளுக்கு ஒரு கோட்தான், நாற்றம் கடுமை, சில இரவு வேறிடத்தில் தங்க நேரும். நீர்ப் பாலியூரிதேன் சில மணி நேரத்தில் காயும், மஞ்சளிக்காது, கேலன் விலை கூடுதல். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, தங்கும் செலவையும் கூட்டினால், நீர்வகையே மேல்.

கம்பளத்தைப் பிரித்து அடியில் உள்ள மரத்தை மீட்பதானால் இன்னொரு செலவைக் கணக்கில் வையுங்கள். பழைய தார் போன்ற கறுப்புப் பசையிலும் வினைல் டைலிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். 1978-க்கு முந்தைய பெயின்ட், வார்னிஷில் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுவதும் பரவும்.

தானே செய்ய நினைப்பவர்கள் மறுபூச்சுக்கு வட்ட பஃபர் (வட்டத் தட்டு சுழன்று மேலோட்டமாகச் சுரண்டும் இயந்திரம்) வாடகைக்கு எடுக்கலாம். டிரம் சாண்டர் (உருளையில் உப்புத்தாள் சுற்றிய தேய்ப்பு இயந்திரம்) வேண்டாம்: சுழலும் டிரம் ஒரு நொடி நின்ற இடத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தைச் சமமாக்க அறை முழுவதும் மரத்தை இழக்க நேரும். எந்த இயந்திரமானாலும் தூள் பையை இரவு வீட்டுக்குள்ளோ கராஜிலோ விடாதீர்கள். பழைய பூச்சு கலந்த தூளும், எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணியும் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தூளை அன்றன்றைக்கே வெளியே, வீட்டைவிட்டுத் தள்ளி, இரும்பு வாளியில் கொட்டி மூடுங்கள். துணியைத் தண்ணீரில் முக்கி வையுங்கள்.