காளை நின்ற இடம்

தஞ்சாவூருக்கு வருகிற பலரும் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. கல்லூரித் தோழிகள் இருவர் ஊருக்கு வந்தபோது, முதல் வேலையாக அங்கேதான் கூட்டிப் போனேன்.

கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கினோம். ஃபிளாஷை அணைத்துவிட்டு உள்ளே போனோம். நாயக்கர் தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் சரபோஜி மன்னரின் பளிங்குச் சிலையை ஆளுக்கு இரண்டு படம் எடுத்தோம். அப்புறம் செப்புத் திருமேனிகள். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் முன்னால் மூன்று பேரும் நின்றுவிட்டோம்.

ராஜராஜன் காலத்துச் சிலை, 1011இல் செய்தது. பக்கத்தில் இருக்கும் உமை அடுத்த ஆண்டு வந்தவள். நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து, 1950களின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தார்கள். ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, வலது கையைக் காளையின் மேல் சாய்த்தபடி நிற்கிறார் சிவன். ஆனால் காளை இல்லை. கை மட்டும் காற்றில் தங்கியிருக்கிறது.

கண்ணாடியில் எங்கள் முகமும் டியூப்லைட்டும்தான் முதலில் விழுந்தன. ஒரு தோழி தன் கறுப்புத் துப்பட்டாவை விரித்துப் பின்னால் பிடித்தாள். நான் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன். பிரதிபலிப்பு போய்விட்டது.

ஜூம் செய்தபோதுதான் ஜடாமுடியைச் சரியாகப் பார்த்தேன். தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டிய முடி, அதற்குள் நெளியும் பாம்பு. ஒவ்வொரு புரியும் தனித்தனியாகத் தெரிகிறது. இதையெல்லாம் முதலில் மெழுகில்தான் செய்வார்கள். மேலே மண் பூசி, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அச்சு மிஞ்சாது. இதே போல இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆயிரம் ஆண்டுக்கு முன் மெழுகில் ஒரு விரல் போட்ட வளைவை என் கேமராத் திரையில் பார்க்கிறேன் என்று நினைத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது. இரண்டு படம் அதனாலேயே கலங்கிப் போயின.

முதலில் எடுத்த எல்லாப் படத்திலும் சிவன் நடுவில் இருந்தார். எதுவும் சரியாக அமையவில்லை. "இடது பக்கம் இடம் விடுடி, காளை எங்கே நிற்கும்?" என்றாள் துப்பட்டா பிடித்திருந்தவள். அவள் சொன்னபடி அவரை ஓரத்துக்கு நகர்த்தி, பாதிப் படத்தைக் காலியாக விட்டேன். அந்தக் கை உடனே எதன் மேலோ சாய்ந்துகொண்டது. தோளின் சரிவும், இடுப்பின் ஒசிவும், அந்த நிம்மதியான முகமும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன.

வெளியே வந்து டீ குடிக்கும்போது மூவரும் படங்களைப் பார்த்தோம். மொத்தம் நூற்றுப் பதினைந்து. மற்றொரு தோழி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்தினாள்.

"மாடு இருக்கிற இந்தப் படத்தை எனக்கு அனுப்பு" என்றாள்.