ஒற்றைக் காலத்தில் அடங்காத 755

2021 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. விளையாட்டுப் பக்கத்தில் எனக்கு நைட் ஷிப்ட். பிரிஸ்பேனில் இந்தியா டெஸ்ட் தொடரை வென்று மூன்றே நாள் ஆகியிருந்ததால் பக்கம் முழுக்க அந்தச் செய்திகள்தான். அப்போது ஏஜென்ஸியில் வந்தது: பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரன் காலமானார், வயது 86.

"சிங்கிள் காலம் போதும்" என்றார் சீனியர். காலம் என்றால் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு நெடுவரிசை; அதில் ஒன்றின் அகலத்துக்குள் செய்தி முடிய வேண்டும்.

சரி என்று எண்களில் தொடங்கினேன். 755 ஹோம் ரன்; கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை மைதானத்து வேலிக்கு வெளியே அனுப்பும் அடி. ஒரே சீசனில் 47-க்கு மேல் அவர் அடித்ததே இல்லை; 23 சீசன்கள் சேர்த்துச் சேர்த்து வந்த கணக்கு அது. மொத்த ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டியவை, ஹோம் ரன்னும் சேர்த்து 3,771. அதில் 755-ஐக் கழித்துவிட்டாலும் 3,016 மிஞ்சும். நம்ப முடியாமல் இரண்டு முறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.

அப்புறம்தான் மற்றதைப் படித்தேன். 1973 சீசன் முடிந்தபோது அவர் கணக்கு 713. வெள்ளையரான பழைய ஜாம்பவான் பேப் ரூத்தின் சாதனையான 714-ஐத் தொட ஒன்றுதான் பாக்கி. ஒரு கறுப்பர் அதை முந்துவதா என்று கொலை மிரட்டல்கள் குவிந்தன. அந்த ஓராண்டில் மட்டும் அவருக்கு வந்த கடிதங்கள் சுமார் 9,30,000. வாழ்த்தியவர்களும் ஏராளம். ஆனால் வசைக் கடிதங்களையும் அவர் தூக்கிப் போடவில்லை, எடுத்து வைத்திருந்தார். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து, 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் 715-ஐ அடித்தார். மைதானத்துக்குள் வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார் அம்மா எஸ்டெல்லா.

என்னைக் கலங்கடித்தது அதற்கும் முந்தைய ஒரு சம்பவம். 1952, பதினெட்டு வயது. கறுப்பர்களுக்கான லீக்கில் இண்டியானாபொலிஸ் கிளௌன்ஸ் அணியில் இருந்தார். வாஷிங்டனில் ஓர் உணவகத்தில் அணியோடு சாப்பிட்டு முடித்ததும், உள்ளே சமையலறையிலிருந்து சத்தம். அவர்கள் சாப்பிட்ட தட்டுகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கழுவினால் போகாதாம்.

அதை ஒரு பத்தி எழுதினேன். இடம் போதவில்லை. எண்களை வைத்துக்கொண்டு, தட்டு பற்றிய பத்தியை நானே வெட்டினேன். காலையில் பேப்பரைப் பிரித்தபோது 755 கொட்டை எழுத்தில் நின்றது. மனம் ஒப்பவில்லை.

அன்றே டீ நேரத்தில் வெட்டிய பத்தியை சீனியரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"நேத்தே காட்டியிருந்தா இன்னொரு காலம் கொடுத்திருப்பேனேம்மா" என்றார்.