மல்லிக்குப் பிடிக்காத நீலப் பலகை

மல்லி கிண்டி குதிரைப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவள்; இப்போது என்னோடு தடை தாண்டும் போட்டிக்கு வருகிறாள். பெண் குதிரைக்குச் சுமார் 21 நாளுக்கொரு முறை பருவம் வரும். போட்டித் தேதி எப்படியோ அதில்தான் வந்து விழும். சேணப்பட்டையை இறுக்கினாலே காதை மடித்துக் கடிக்க வருவாள்.

ஞாயிறன்று 1 மீட்டர் உயரத் தடைகளைத் தாண்டும் சுற்று. மணி அடித்து 45 விநாடிக்குள் புறப்பட வேண்டும். இவளோ வாசலிலேயே அடம். சாட்டை எடுத்தால் தீர்ந்தது கதை; கழுத்தைத் தட்டி, கெஞ்சித்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

நான்காவது தடையில் நீலப் பலகை. சடாரென்று நின்றுவிட்டாள். 4 தண்டப் புள்ளி. இன்னொரு முறை மறுத்தால் வெளியேற்றம். சரி என்று வட்டமடித்துத் திரும்பினேன். பலகையைப் பார்க்காமல் தூரத்து வேப்பமரத்தையே பார்த்தேன் (நான் குனிந்தால் அவளும் நிற்பாள்). ஒரு முழம் மிச்சம் வைத்துத் தாண்டினாள்!

கடைசித் தடையில் கம்பைத் தட்டிவிட்டாள், இன்னொரு 4. வெளியே வந்ததும் என் பையில் வெல்லம் தேடினாள்.