கோணேசர் மலையில் சோழர் தடம்

திருகோணமலையில் கோணேசர் என்ற சிவனைக் கும்பிடப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த வாசல் கல்லில் தேய்ந்த தமிழ் எழுத்தும் இரட்டைக் கயலும் உண்டு. ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். "பூசைக்கு நேரம் போகுது தம்பி, கல்லைப் பிறகு பார்" என்றார் பெரியம்மா. பக்கத்தில் ஒரு புள்ளிமான் யாருடைய பையில் வாழைப்பழம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது.

கயல் பாண்டியருடையது. அதற்கு முன் இந்தக் கரை சோழரிடம் இருந்தது. 993 அளவில் முதலாம் இராசராசனின் படை வந்தது. 1017 அளவில் அவன் மகன் இராசேந்திரன் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தான். பொலன்னறுவை சோழரின் தலைநகராகி, சனநாதமங்கலம் ஆனது. அப்புறம் 1070. வீரராசேந்திரன் இறந்தான், பட்டத்துக்கு வந்த மகன் அதிராசேந்திரனும் சில மாதங்களில் போய்விட்டான். அரியணைக் குழப்பம் முடிந்து குலோத்துங்கன் வருவதற்குள் சிங்கள மன்னன் விஜயபாகு பொலன்னறுவையைப் பிடித்துவிட்டான். விஜயபாகு பல ஆண்டு போராடியவன்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் சண்டை இல்லாதிருந்தால் சோழர் அவ்வளவு சுலபமாக விட்டிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். அக்கரையில் அவர்கள் 1279 வரை தேய்ந்து தேய்ந்து கிடந்தார்கள். அதற்குள் வீரபாண்டியன் கோணமலையில் கயலைப் பொறித்தாயிற்று.

மேலே தீபாராதனை. "நிரைகழல் அரவஞ் சிலம்பொலி அலம்பும்" என்று பெரியம்மா தொடங்க, பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சம்பந்தர் இதைப் பாடியபோது பேரரசுச் சோழரின் முதல்வன் விசயாலயன் பிறக்கவே இல்லை. கோணேசர் பேரரசுச் சோழருக்கு மூத்தவர். 1620களில் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய சோழர் கால வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல்.

மத்தியானம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டுப் பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரைக்குப் போனோம். சோழர் காலத்தில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்குக்கும் பசுவுக்கும் கொடுத்த கணக்கு கல்லில் தமிழில் இருக்கிறது.

"புத்தருக்கும் நாங்கள் விளக்குக் குடுத்தமோ?"

"அப்ப தமிழ்ப் பௌத்தர்களும் இருந்தவை, பெரியம்மா."

"சரி, அப்ப நாங்களும் ஏதாவது போடுவம்" என்று கைப்பையைத் திறந்துகொண்டே உண்டியல் எங்கே என்று தேடினார்.